ஆம்ஃபிபியாவெப்: மாறிவரும் மழைக்காட்டுக்கு ஒரு தவளைக் களஞ்சியம் எவ்வளவு உதவும்?

வெப்பமண்டலக் காடுகளின் தவளைகளையும் தேரைகளையும் பற்றிப் படிக்க விரும்புவோர் சென்று சேரும் இணையத் தளங்களுள் ஆம்ஃபிபியாவெப் முதன்மையானது. சலமாண்டர் ஆய்வில் பெரும்பெயர் பெற்ற உயிரியலாளர் டேவிட் வேக்கின் முயற்சியால், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2000ஆம் ஆண்டு இது தொடங்கப்பட்டது. அவர் 2021இல் மறைந்த பின்னும் பணி தடையின்றித் தொடர்கிறது. அறிவியல் உலகம் இதுவரை பெயரிட்டுள்ள ஒவ்வோர் இருவாழ்விக்கும் இத்தளத்தில் ஒரு பக்கம் உண்டு. கட்டணம் இல்லை, படிப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டிய தேவையும் இல்லை. காடு துண்டுபட்டும், தோட்டமாகியும், மேய்ச்சல் நிலமாகியும் மாறிக்கொண்டிருக்கும் நிலப்பரப்பில் இந்த உயிர்களைக் காக்க நினைக்கும் ஒருவருக்கு இச்சேவை எந்த அளவுக்குத் துணைநிற்கும் என்பதே இம்மதிப்புரையின் கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஓர் இனத்தை அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த இலவச வாயிலை நான் கண்டதில்லை, அந்த இனம் வாழும் நிலத்துக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய இது மட்டும் போதாது.

முகப்புப் பக்கத்திலேயே அறியப்பட்ட இனங்களின் எண்ணிக்கை தேதியுடன் தரப்படுகிறது. அது 8,800ஐக் கடந்துவிட்டது. இவற்றில் ஏறத்தாழ 88 விழுக்காடு தவளைகளும் தேரைகளும். வாலுள்ள சலமாண்டர்களும் நியூட்களும் 800க்குச் சற்று மேல். பெரும்பாலும் மண்ணுக்குள் வாழும், கால்களே இல்லாத சிசிலியன்கள் 200க்குச் சற்று மேல். ஆண்டுக்குச் சுமார் 150 புதிய இனங்கள் இப்பட்டியலில் சேர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி வெப்பமண்டலத்திலிருந்தே வருகிறது. புதிய இனங்களை ஆண்டுவாரியாகப் பார்க்கும் வசதி உண்டு. தளத்துக்குப் புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது என்று கருதுகிறேன். ஆண்டீஸ் சரிவுகள், மடகாஸ்கர், நியூ கினி, போர்னியோ, மேற்குத் தொடர்ச்சி மலை என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப வருவதைக் காணும்போது, ஒரு முகட்டில் ஓர் இனம், பள்ளத்தாக்கைத் தாண்டினால் வேறோர் இனம் என்று இந்த உயிர்கள் எவ்வளவு குறுகிய எல்லைகளுக்குள் பிரிந்து வாழ்கின்றன என்பது விளங்கும். அமெரிக்க வெப்பமண்டலத்தின் பிரிஸ்டிமாண்டிஸ் என்னும் ஒரே பேரினத்தில் மட்டும் 600க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. முதுகெலும்பிகளில் இதைவிடப் பெரிய பேரினம் கிடையாது. இவ்வாறு எல்லை குறுகியிருப்பதால்தான் ஒரு சரிவில் காடு போனால் ஓர் இனமே போய்விடக்கூடிய நிலை ஏற்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாநிறத் தவளையான நாசிகாபட்ராக்கஸ் சஹ்யாட்ரென்சிஸ் 2003ஆம் ஆண்டில்தான் அறிவியல் பெயர் பெற்றது. அதன் நெருங்கிய உறவினங்கள் கடலுக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இத்தனை தொன்மையான மரபைச் சேர்ந்த ஓர் உயிர், ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிப்பதால், இருபத்தோராம் நூற்றாண்டு வரை ஆய்வாளர் கண்ணில் படாமல் இருந்ததென்றால், பெயர் பெறும் முன்பே காட்டோடு மறைந்தவை எத்தனை இருக்கும் என்ற கவலை எழாமல் இராது.

முழுமையாக எழுதப்பட்ட ஓர் இனப்பக்கத்தில் உடலமைப்பு, பரவலும் வாழிடமும், வாழ்க்கை வரலாறு, எண்ணிக்கைப் போக்கும் அச்சுறுத்தல்களும் ஆகிய பகுதிகள் இருக்கும். ஒளிப்படங்களும் பரவல் வரைபடமும், அழிவு அச்சுறுத்தலின் அளவைச் சொல்லும் உலகச் செம்பட்டியலில் அந்த இனத்துக்கு உள்ள தகுதியும், சில இனங்களுக்கு அழைப்பொலியும் சேர்ந்திருக்கும். பெரும்பாலோர் படத்தையும் வரைபடத்தையும் பார்த்துவிட்டு, அச்சுறுத்தல் பகுதிக்குத் தாவிவிடுகிறார்கள். காட்டுமாற்றத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் முதலில் படிக்க வேண்டியது வாழ்க்கை வரலாறு. ஒரு தவளை எங்கே முட்டையிடுகிறது, அதன் தலைப்பிரட்டை எங்கே வளர்கிறது என்ற இரண்டு செய்திகள் தெரிந்தால், காடு மாறும்போது அதற்கு என்ன நேரும் என்பதில் பாதி தெரிந்துவிடும். கண்ணாடித் தவளைகள் ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பொரிந்து நேரே நீரில் விழுகின்றன. ஆகவே, கரையோர மரங்களை வெட்டிவிட்டு ஓடையை மட்டும் விட்டுவைப்பதால் அவற்றுக்குப் பயனில்லை. நடு அமெரிக்காவின் ஊஃபாகா புமிலியோ என்னும் சிறிய நச்சுத் தவளையில், தாய் தன் தலைப்பிரட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து சென்று, ப்ரோமீலியாட் செடிகளின் இலைக்கக்கங்களில் தேங்கிய சிறு நீரில் விட்டு, கருவுறாத முட்டைகளை இட்டு உணவூட்டுகிறது. பிரிஸ்டிமாண்டிஸ், மேற்குத் தொடர்ச்சி மலையின் ராவோர்செஸ்டஸ், இலங்கையின் சூடோஃபிலாட்டஸ் ஆகிய பேரினங்களிலோ தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. ஈரமான சருகுக்கடியிலோ இலைமீதோ இடப்படும் முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, சிறிய தவளையாக வெளிவருகிறது. இவற்றுக்குக் குளமும் ஓடையும் தேவையில்லை. ஆனால் முட்டை காய்ந்துபோகாதபடி நிழலும் ஈரமும் விட்டுப்போகாமல் இருந்தாக வேண்டும்.

இந்த வேறுபாடு எத்தனை முக்கியமானது என்பதைப் பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் நடந்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. அங்கே விவசாயம் பெரும்பாலும் நீர்வளமுள்ள பள்ளத்தாக்குகளைப் பிடித்துக்கொண்டது; எஞ்சிய காடு மேட்டிலும் சரிவிலும் நின்றது. காட்டில் வாழ்ந்து நீரில் இனப்பெருக்கம் செய்யும் தவளைகள், ஒவ்வொரு பருவத்திலும் வெட்டவெளியைக் கடந்து ஓடைக்கு வரவும், அவற்றின் இளந்தவளைகள் அதே வெட்டவெளியைக் கடந்து காட்டுக்குத் திரும்பவும் வேண்டியதாயிற்று. காட்டின் மொத்தப் பரப்பும் துண்டுகளின் எண்ணிக்கையும் ஒருபுறமிருக்க, காடும் நீரும் ஒன்றையொன்று விட்டு விலகிப்போன இந்தப் பிளவே நீரில் வளரும் தலைப்பிரட்டைகளைக் கொண்ட இனங்களின் குறைவை வலுவாக விளக்கியது. முட்டையிலிருந்து நேரே தவளையாகும் இனங்களிடம் அத்தகைய விளைவு தென்படவில்லை. ஆம்ஃபிபியாவெப்பின் வாழ்க்கை வரலாற்றுப் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வட்டாரத்தின் காட்டு வரைபடத்தையும் ஓடை வரைபடத்தையும் அருகருகே பார்க்கும் ஒருவர், எந்த இனங்கள் முதலில் துன்புறும் என்பதைத் தாமே ஓரளவு கணித்துவிடலாம். தளத்தின் மிகப் பெரிய பயன் இதுவே என்பது என் கருத்து. தளம் இதை எங்கும் வெளிப்படையாக எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

இனி, போதாமைகளுக்கு வருகிறேன். நாடுவாரியாகவும் குடும்பவாரியாகவும் இனப்பட்டியல் எடுக்கும் வசதி பாராட்டத்தக்கது. ஆனால் பட்டியலின் நீளத்தை நலத்தின் அளவுகோலாகக் கொள்ளும் பழக்கத்தை அது வளர்த்துவிடக்கூடும். பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே 1979இல் தொடங்கிய காட்டுத்துண்டு ஆய்வுத் திட்டத்தில், 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள துண்டுகளைச் சுற்றியுள்ள காடு அழிக்கப்பட்ட பின், அத்துண்டுகளில் தவளை இனங்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்திலும் மீண்டெழுந்த புதர்க்காட்டிலும் வாழப் பழகிய இனங்கள் உள்ளே வந்து சேர்ந்ததே காரணம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு இது நற்செய்தியாகத் தோன்றும். எந்தெந்த இனங்கள் வந்தன, அவற்றில் எத்தனை அக்காட்டுக்கே உரியவை என்று பார்த்தவருக்குத்தான் அதன் பொருள் புரியும். ஆம்ஃபிபியாவெப்பின் பட்டியலில் காட்டை விட்டு வாழ முடியாத இனமும், சாலையோரக் குட்டையிலும் பெருகக்கூடிய இனமும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில் நிற்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு குறியீடு இல்லாததைப் பெரிய குறையாகவே எண்ணுகிறேன்.

வரைபடங்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். வண்ணம் தீட்டிய பரவல் எல்லைக்குள் ஓர் இனம் எங்கும் நிறைந்திருப்பதாகத் தோற்றம் ஏற்படுகிறது. உண்மையில் அந்த எல்லைக்குள் காடு எங்கே எஞ்சியிருக்கிறதோ, அதிலும் தகுந்த உயரமும் ஈரமும் எங்கே பொருந்துகின்றனவோ அங்கு மட்டுமே அது வாழும். டான்சானியாவின் கிஹான்சி சாரல் தேரை இதற்கு உச்ச எடுத்துக்காட்டு. 1996இல் கண்டறியப்பட்ட அந்தச் சிறு தேரை, ஓர் அருவியின் நீர்ச்சாரல் இடைவிடாமல் நனைத்துவந்த ஏறத்தாழ 2 ஹெக்டேர் நிலத்தில் மட்டுமே வாழ்ந்தது. மின் உற்பத்திக்காக 2000ஆம் ஆண்டில் அணை இயங்கத் தொடங்கி நீரின் பெரும்பகுதி திருப்பிவிடப்பட்டதும் சாரல் நின்றது. 2009இல் அது இயற்கையில் அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் பிராங்க்ஸ், டொலிடோ விலங்குக்காட்சிச் சாலைகளில் வளர்த்துக் காத்த தேரைகள் 2012 முதல் பழைய இடத்தில், செயற்கைச் சாரலின் துணையோடு மீண்டும் விடப்பட்டன. இத்தகைய ஓர் உயிரின் வாழிடத்தை எந்த உலக வரைபடமும் காட்ட முடியாது. வரைபடத்தை நம்பித் திட்டமிடுவோர், அதை வாழிடத்தின் வெளியெல்லையாக மட்டும் கொள்ள வேண்டும்.

பக்கங்களின் தரம் சமமாக இல்லை. குறிப்புகளில் பலவற்றை ஆய்வாளர்களும், மேற்பார்வையுடன் மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். சில குறிப்புகள் ஒரு சிறு ஆய்வுக்கட்டுரைக்கு நிகரான செறிவு கொண்டவை, சில இரண்டு பத்திகளில் முடிகின்றன, வேறு பல இனங்களுக்குப் பெயரும் வரைபடமும் தவிர ஒன்றும் இல்லை. எழுதப்படாமல் நிற்பவற்றில் வெப்பமண்டல இனங்களே மிகுதி. இதற்குத் தளத்தைக் குறைகூற மாட்டேன், ஏனெனில் ஒரேயொரு முறை, ஒரேயோர் இடத்தில் சேகரிக்கப்பட்ட இனத்தைப் பற்றி எவராலும் அதிகம் எழுத இயலாது. ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் பெயரும் எழுதிய, திருத்திய தேதிகளும் தரப்பட்டிருப்பது மிகவும் நேர்மையான நடைமுறை. வாசகர் அத்தேதியைப் பார்க்காமல் அச்சுறுத்தல் பகுதியை நம்பக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பத்தி ஒன்று, இன்று மறைந்துபோன காட்டைப் பற்றியதாக இருக்கலாம். காணாமற்போனதாக அது வருந்தும் தவளை பின்னர் மீண்டும் கண்டறியப்பட்டும் இருக்கலாம்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலோடு இதை ஒப்பிடாமல் எந்த மதிப்பீடும் நிறைவுறாது. 2004இல் வெளியான முதல் உலகளாவிய இருவாழ்வி மதிப்பீடு 5,743 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 32.5 விழுக்காடு அழிவு அச்சுறுத்தலில் இருப்பதாகக் கூறியது, 22.5 விழுக்காட்டுக்கு முடிவு சொல்லப் போதிய தரவே இல்லை. 2023இல் வெளியான இரண்டாம் மதிப்பீடு 8,011 இனங்களை ஆராய்ந்தது. அச்சுறுத்தலில் உள்ளவை 40.7 விழுக்காடு. முதுகெலும்பிகளில் இவ்வளவு மோசமான நிலையில் வேறு எந்த வகுப்பும் இல்லை. அச்சுறுத்தலில் உள்ள இனங்களில் 93 விழுக்காட்டை வாழிட இழப்பும் சீர்குலைவும் பாதிக்கின்றன. 2004க்குப் பின் நிலை மோசமடைந்த இனங்களை எடுத்துக்கொண்டால், 39 விழுக்காட்டில் காலநிலை மாற்றமும் 37 விழுக்காட்டில் வாழிட இழப்பும் முதன்மைக் காரணங்கள். செம்பட்டியலின் வலிமை இங்கேதான் இருக்கிறது: அச்சுறுத்தல்களும் வாழிட வகைகளும் ஒரே அளவுகோலில் வகைப்படுத்தப்பட்டிருப்பதால், பல்லாயிரம் இனங்களை ஒருசேர ஆராய முடிகிறது. ஆனால் ஒரு தவளையின் வாழ்க்கையை மனத்தில் பதியும்படி எடுத்துரைப்பதில் ஆம்ஃபிபியாவெப் பல மடங்கு முன்னிற்கிறது. பெயர்களின் வரலாறும் பழைய பெயர்களும் வேண்டுவோருக்கு, அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் டாரெல் ஃப்ராஸ்டின் பட்டியலே சிறந்தது. இரண்டு பட்டியல்களும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. எடுத்துக்காட்டாக, அங்கே லித்தோபேட்ஸ் என்று பிரிக்கப்படும் தவளைகளை ஆம்ஃபிபியாவெப் ரானா என்னும் பழைய பேரினத்திலேயே வைத்திருக்கிறது. அறிக்கை எழுதுவோர் தாம் எதைப் பின்பற்றினோம் என்று குறிப்பிடுவது அவசியம்.

தளத்தின் இன்னொரு பகுதி தனிப் பாராட்டுக்குரியது: இருவாழ்விகளின் வீழ்ச்சிக்கான காரணங்களையும் நோய்களையும் விளக்கும் பக்கங்களும், அவற்றோடு இணைந்த இருவாழ்வி நோய்த் தரவுத்தளமும். கோஸ்டா ரிகாவின் மோன்டெவெர்டே மேகக்காட்டில் மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அந்தக் காடு வெட்டப்படவில்லை, பாதுகாக்கப்பட்டே இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் மடிந்த தவளைகளின் தோலில் கைட்ரிட் பூஞ்சை இருப்பது 1998இல் அறிவிக்கப்பட்டது. 1999இல் அதற்கு பட்ராக்கோகைட்ரியம் டென்ட்ரோபாட்டிடிஸ் என்று பெயரிட்டார்கள். தவளைகள் தோல் வழியாகவே நீரையும் உப்புக்களையும் சமன்செய்வதால், தோலைத் தாக்கும் இந்நோய் உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து இறுதியில் இதயத்தை நிறுத்திவிடுகிறது. 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, குறைந்தது 501 இனங்களின் வீழ்ச்சியில் இந்நோய்க்குப் பங்குண்டு என்றும், அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் கணித்தது. வேலி போட்டுக் காட்டைக் காத்தால் தவளை தானாகப் பிழைக்கும் என்று நம்புவோர் இப்பக்கங்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலான உண்மையும் உண்டு. தளம் அதை இன்னும் விரிவாக விளக்கியிருக்கலாம். இப்பூஞ்சை ஏறத்தாழ 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் செழித்து வளர்கிறது. மிகுந்த வெப்பத்தில் தளர்கிறது. அதனால்தான் மலைக்காட்டு ஓடைகளின் தவளைகள் மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்டன. அதனாலேயே, சில வெப்பமண்டலப் பகுதிகளில் நிழல் குறைந்த, சீர்குலைந்த வாழிடங்களில் தொற்று குறைவாகவும், செறிந்த காட்டில் மிகுதியாகவும் காணப்பட்டது. இதைக் காட்டை வெட்டுவதற்கான நியாயமாகத் திரித்துப் படிப்பது பெருந்தவறு. பூஞ்சையைத் தளரச்செய்யும் அதே வெப்பமும் வறட்சியும், முட்டைகளைக் காயவைத்து, வெப்பம் தாங்காத காட்டினங்களைத் துரத்துகின்றன. பிரேசிலின் ஜாரி பகுதியில் முதுகாடு (வெட்டப்படாத பழங்காடு), மீண்டெழுந்த காடு, தைல மரத் தோட்டம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, மற்ற இரண்டையும்விட முதுகாட்டிலேயே இருவாழ்வி இனங்கள் மிகுதியாக இருந்தன. மீண்டெழுந்த காடு பல இனங்களுக்கு உண்மையான புகலிடம்தான். ஆயினும் பக்கத்தில் முதுகாடு எஞ்சியிருந்தால்தான் அங்கிருந்து தவளைகள் அதற்குள் வந்து சேர முடியும்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தேடல் படிவம் பழைய பாணியில் இருந்தாலும் நம்பகமாக இயங்குகிறது. உள்ளடக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், காட்டோரத்தில் வாழ்ந்து இத்தவளைகளை அன்றாடம் பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது எட்டாமல் இருக்கிறது. ஒளிப்படங்களின் பயன்பாட்டு உரிமை படத்துக்குப் படம் வேறுபடுவதால், எடுத்தாளும் முன் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள், ஆசிரியர்கள், களப்பணியில் புதிதாக இறங்குவோர், காட்டுப்பகுதியில் ஒரு திட்டத்தின் சூழல் விளைவறிக்கையை ஆராய்வோர் ஆகிய அனைவருக்கும் இத்தளத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அறிக்கைகளை ஆராய்வோருக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியலில் உள்ள இனங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் இனத்தின் வாழ்க்கை வரலாற்றையும் திறந்து, அது முட்டையிடும் இடம் திட்டம் முடிந்த பின்னும் அங்கே இருக்குமா என்று கேளுங்கள். தளத்தை நடத்துவோரிடம் நான் எதிர்பார்ப்பது, ஒவ்வொரு பக்கத்தின் மேற்பகுதியிலும் மூன்று சிறு குறிப்புகள்: முட்டையிடும் இடம், தலைப்பிரட்டை வளரும் இடம், தோட்டத்திலோ மீண்டெழுந்த காட்டிலோ அவ்வினம் இனப்பெருக்கம் செய்வது பதிவாகியிருக்கிறதா என்ற செய்தி. இவற்றில் முதல் இரண்டும் எழுதப்பட்ட குறிப்புகள் பலவற்றில் பத்திகளுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. பிரித்தெடுத்து வைப்பதுதான் வேலை. மூன்றாவதைத் தர வேண்டியவர்கள் காப்பித் தோட்டங்களிலும் காட்டுத்துண்டுகளிலும் களப்பணி செய்வோர். முட்டைத் திரளோ தலைப்பிரட்டையோ தெரியும்படி, தேதியும் வாழிட விவரமும் சேர்த்து எடுத்த படங்களை அவர்கள் இத்தளத்துக்கு அளிக்கலாம். வளர்ந்த தவளையின் அழகிய படங்கள் அங்கே ஏராளமாக உள்ளன, இனப்பெருக்கத்தைக் காட்டும் படங்கள்தான் குறைவு.